செம்மேட்டுக்குச் சுமந்து போன நெருப்பு

ஒரு கடையை எப்படித் திறப்பது என்று சொல்லித்தர ஓட்டல் தொழிலில் ஆள் நிறைய உண்டு. இடம் பார்ப்பது, மாஸ்டர் பிடிப்பது, பலகை எழுதுவது என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் உங்களுக்கு அவரவர் அனுபவத்தைச் சொல்வார்கள். நான் ஒரு கடை மூடப்பட்டதைச் சொல்கிறேன். அடுப்புப் புகையில் கண் கெட்டு, நரை விழுமுன்பே கல்லாவை விட்டு எழுந்தவன் நான். சமையலைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றித் தெரியும். பர்மிட் வருமா, பால் திரியுமா, மாஸ்டர் சொல்லாமல் போய்விடுவாரா என்று பயந்தே இந்தத் தொழிலில் காலம் தள்ளினேன். அவற்றையெல்லாம் சின்னதாக்கிவிட்ட பயம் ஒன்று யுத்த காலத்தில் கொல்லிமலையில் வந்தது.

அப்போது ஓட்டல் என்று சொல்பவர்கள் குறைவு. காப்பி கிளப் என்பார்கள். எங்கள் முதலாளிக்குச் சமவெளியில் மூன்று கிளப்புகள். முதலாவது சேந்தமங்கலத்தில், கடைசியாகத் திறந்தது மலையடிவாரத்துக் காரவள்ளியில். முதலாளியின் மைத்துனர் கூட்டாளி. மூன்றுக்கும் கணக்குப்பிள்ளை நான். அரிசி, சர்க்கரை எல்லாம் பர்மிட்டில்தான் கிடைத்தன. பர்மிட் இருந்தால் கடை, போனால் பூட்டு.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கடையின் அடுப்பைத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க மாட்டோம். பழைய கடை அடுப்பிலிருந்து கங்கு எடுத்து, மண்சட்டியில் சாம்பலுக்கு நடுவே வைத்து மூடி, புதுக் கடைக்குக் கொண்டுபோய் அதில்தான் முதல் பால் காய்ச்சுவோம். சேந்தமங்கலத்து அடுப்பு ராசியான அடுப்பு என்பது முதலாளியின் நம்பிக்கை. அந்த நெருப்பு ஒன்றே, அது இடம் இடமாகப் போகிறது, அவ்வளவுதான் என்பார். காரவள்ளிக்கு அது மாட்டுவண்டியில் போனது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்து மலைமேல் செம்மேடு. அங்கே வாரச்சந்தை கூடும். மிளகு வாங்க வியாபாரிகள் ஏறி வருவார்கள். அதிகாரிகள் வந்து கேம்ப் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்க அங்கே ஆளில்லை என்ற நினைப்பு முதலாளியைத் தூங்கவிடவில்லை. மலைக்கு அன்று ரோடு கிடையாது. காரவள்ளியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறவேண்டும். சாமான்கள் தலைச்சுமையாகப் போகும். மலைமேல் குண்டூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியைச் சேர்ந்த சடையன் என்ற மலைக்காரர் சந்தைக்குப் பக்கத்தில் தனக்கிருந்த துண்டு நிலத்தில் எங்களுக்குக் கொட்டகை போட்டுக்கொடுத்திருந்தார். பாதை தெரிந்தவர், தலை ஆடாமல் நடப்பவர் என்று நெருப்புச் சட்டியைச் சுமக்கவும் அவரையே முதலாளி பேசி வைத்தார்.

மாதம் பங்குனி. பாதை போவது ரிசர்வ் காட்டுக்குள். கோடையில் அதற்குள் நெருப்பு கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். காரவள்ளியில் தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தார்கள். பீடி குடிப்பவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் சொன்னதாக நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். விடிந்தது முதல் படுக்கும்வரை அடுப்போடு இருப்பவர்களுக்கு நெருப்பு நெருப்பாகத் தெரிவதில்லை. பால் குண்டா, சல்லடை, இட்லித் தட்டு என்று கடைச் சாமான்களோடு அதுவும் ஒரு சாமான். சமையல்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. உங்களுக்கும் வரும்.

காரவள்ளியில் கிளம்பும்போது ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். அவர் எங்கள் பெரிய மாஸ்டர்.

"ஏனுங்க மொதலாளி, செம்மேட்டுச் சனம் நெருப்பு இல்லாமயா களி கிண்டித் தின்னுது? நெருப்பு என்ன புதுப்பொண்ணா, சட்டியில ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போக?"

"உன் வாயைக் கொண்டுபோய் அடுப்புல வெய்யி. இதே நெருப்புத்தான் காரவள்ளிக்கும் வந்துச்சு. கடை ஓடலையா?"

"கடை ஓடுதுங்க. எம்முட்டிதான் ஓடாது. மலை ஏறோணுமே."

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினோம். முன்னால் சடையன், அவருக்குப் பின்னால் முதலாளி, அடுத்து நான். மாஸ்டரும் சாமான் ஆட்களும் வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள். மூங்கில் காடு முடிந்து, இடுப்புயரப் புல் காய்ந்து நின்ற ஒரு சரிவுக்கு வந்தபோது முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சடையா, புகையே காணமே. செத்துக்கித்துப் போச்சா?"

"உசுரோடதானுங்க இருக்குது. எந்தலையில்ல சுடுது."

"எறக்கு, பாக்கோணும்."

"இங்க வேண்டாமுங்க சாமி. புல்லு காஞ்சு கெடக்குது, காத்து வேற. மேல பாறை வருது, அங்க எறக்கறனுங்க."

"எறக்குன்னா எறக்கு. செத்த நெருப்பச் செம்மேடு வரைக்கும் தூக்கிட்டுப் போயி என்ன பண்றது?"

சடையன் இறக்கினார். முதலாளி தாமே மூடியைத் திறந்து, சாம்பலைக் குச்சியால் விலக்கி, குனிந்து ஊதினார். கங்கு சிவந்தது. சாம்பல் பறந்தது. அதோடு பொறி பறந்ததா என்று கேட்டால், வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. சடையன் சட்டென்று மூடியை வாங்கி மூடி, சுற்றிலும் காலால் புல்லை மிதித்தார். செருப்பில்லாத கால். பிறகு கிளம்பினோம்.

செம்மேட்டில் கொட்டகை வாசலிலேயே சட்டியை முதலாளி வாங்கிக்கொண்டார். மலைக்காரர் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது என்பது அந்த நாளில் எல்லா கிளப்புகளிலும் இருந்த ஏற்பாடு. வழியெல்லாம் நெருப்பைச் சுமந்தவர் வெளியே நின்று, உள்ளே பால் பொங்குவதை எட்டிப் பார்த்தார். சந்தை நாள் என்பதால் கூட்டம் நெருக்கியது. காப்பியை முதல்முறை குடித்த ஒரு பெரியவர், "என்னுங்க இது, கசாயத்துல சர்க்கரையப் போட்டு ஏமாத்தறீங்க?" என்றார். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சந்தை கலையும் நேரத்தில் யாரோ கத்தினார்கள். நாங்கள் ஏறி வந்த பக்கம் புகை எழும்பியிருந்தது. முதலில் ஒரு திரி போல. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவு முழுவதும் பரவியது. மூங்கில் கணுக்கள் வெடிக்கும் சத்தம் வேட்டுப் போட்டதுபோலக் கேட்டது. சந்தைக்கு வந்திருந்த ஆண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். சடையன் மட்டும் ஓடாமல் நின்றார். அவருடைய மனைவி கொங்காயி எங்கள் அடுப்புக்கு விறகு பொறுக்க அந்தச் சரிவுக்குத்தான் போயிருந்தாள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் கழித்து அவரும் ஓடினார். நானும் ஓடினேன். ஆனால் புகைக்குள் இறங்க எனக்குக் கால் வரவில்லை. பாறை மேல் நின்று கிளையை வெறுமனே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இருட்டும் முன் கொங்காயி வேறொரு பக்கமாக ஏறி வந்துவிட்டாள். சேலை ஓரம் கருகியிருந்தது. பாதத்தில் கொப்புளங்கள். சடையன் அவளை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், "வெறகப் போட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

"வெறகக் கேக்கறான் பாரு மனுசன்!" என்று அவள் அழுதுகொண்டே திட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உயிர் போகவில்லை என்ற சிரிப்பு அது. முதலாளி சிரிக்கவில்லை. எரிந்தது எந்தச் சரிவு என்று அவர் பார்த்துவிட்டார். நானும் பார்த்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் என்னையும் மாஸ்டரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"காட்டிலாகா ரேஞ்சர் வாராரு. நெருப்பு நம்ம நெருப்புன்னு ஆச்சுன்னா பர்மிட் அத்தனையும் போயிரும். இங்க மட்டுமில்ல, கீழ இருக்கற மூணு கடையும் பூட்டுத்தான். எத்தன குடும்பம்னு உங்களுக்கே தெரியும். சடையன் பீடி பத்த வச்சுக் குச்சிய வீசினான்னு சொல்லிருவோம். மலைக்காரனக் கொஞ்ச நாள் உள்ள போட்டு விட்டுருவாங்க. அவங்குடும்பத்த நாம பாத்துக்கலாம்."

"சடையன் பீடி குடிக்கறதில்லீங்களே. வெத்தலதான்" என்றார் மாஸ்டர்.

"அதை ரேஞ்சர் வந்து வாயத் தொறந்தா பாக்கப் போறாரு?" என்று சீறிவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். "கணக்குப்புள்ள, பக்கத்துல வந்தவரு நீங்கதான். மாத்திச் சொன்னீங்கன்னா நான் மட்டும் உள்ள போக மாட்டன். நீங்களும்தான்."

ரேஞ்சர் காட்டுக் காவலர்களோடு வந்தார். முதலாளி சொன்னதைக் கேட்டார். அடுப்புக்கு என்ன நெருப்பு என்று கேட்டதற்கு, "தீப்பெட்டிதானுங்க" என்றார் முதலாளி. எங்களைத் தவிர, சட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். ரேஞ்சர் அவர்களையும் கேட்கவில்லை, சடையனையும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. சடையனை முன்னால் விட்டுக் காரவள்ளிக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். மாஜிஸ்திரேட் அந்த வாரம் செம்மேட்டில் கேம்ப் போடுவதாகவும் அங்கேயே விசாரணை என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. கடை நடந்தது. கொங்காயி கொப்புளக் காலோடு தினமும் குண்டூர் நாட்டிலிருந்து நடந்து வந்து கொட்டகைக்கு எதிரே நிற்பாள். எங்கள் யாரிடமும் அவள் கோபப்படவில்லை. நாங்கள் பெரிய இடத்து ஆட்கள், பேசி விடுவிப்போம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரர எப்ப விடுவாங்களாமுங்க?"

"விசாரணை இருக்குதும்மா."

"அவுரு ஒண்ணும் பண்ணலீங்களே. நெருப்புத் தூக்குனாரு, அவ்வளவுதானுங்களே. நீங்க கூட வந்தீங்க, உங்களுக்குத் தெரியுமே சாமி."

அவள் துணியில் முடிந்து கொண்டுவந்த சாமைச்சோற்றைக் கீழே போகும் ஆளிடம் கொடுத்தனுப்பினேன். உங்களுக்குத் தெரியுமே என்ற சொல்லை அனுப்ப இடமில்லை. ஒரு பக்கம் அந்தச் சொல். மறுபக்கம் மூன்று கடைகளின் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை பிள்ளைகள் என்பதுவரை எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே என் சொந்தப் பயம். கண்ணை மூடினால் ரேஞ்சர் என் கையைப் பிடிப்பதுபோல இருக்கும். அடுப்பில் சுள்ளி வெடித்தால் உடம்பு தூக்கிப்போடும். நெருப்புச் சட்டியைக் கொட்டகைக்குப் பின்னால் உடைத்துப் போட்டுவிட்டார் முதலாளி. உடைந்த ஓடுகளைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போகவேண்டும்.

மாஸ்டரிடம் யோசனை கேட்டேன். மாவு கரைத்துக்கொண்டிருந்த அவர் நிமிரவே இல்லை.

"என்னை ஏம்ப்பா கேக்கற? நான் சொல்லுன்னா சொல்லுவ, வேண்டாம்னா விட்டுருவ. நாளைக்கு எது நடந்தாலும் மாஸ்டர் சொன்னாருன்னு எந்தலையில வெச்சுட்டுப் போயிருவ. ஒரு தலையில வெச்சது போதாதா?"

எனக்குக் கோபம் வந்தது. "வேலை போனா நீங்க எங்க போவீங்க?" என்றேன்.

"தோசை எந்த ஊர்லயும் வட்டமாத்தான் இருக்கும். போ, போயி இலையப் பாரு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவரோடு நான் வேலை பார்த்த காலமெல்லாம் கற்றதைவிட அந்தக் காலையில் கற்றது அதிகம். நெருக்கடியில் யோசனை கேட்பது பல சமயம் சுமையை மாற்றிவைக்க ஆள் தேடுவதுதான். கேட்க வேண்டியதைத் தொழில் நன்றாக நடக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாரணை நாளில் சந்தைத் திடலில் மேசை போட்டிருந்தார்கள். சடையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சில நாட்களில் ஆள் பாதியாகியிருந்தார். குண்டூர் நாட்டு ஆட்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி தம் வாக்குமூலத்தைத் தடுமாறாமல் சொன்னார். பீடி, குச்சி, காற்று. தமக்குச் சாட்சி என்று என்னைக் காட்டினார். மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சடையன் பீடி பற்ற வைத்ததை நீர் பார்த்தீரா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இல்லீங்க."

"பார்க்கவில்லையா, பற்ற வைக்கவில்லையா?"

"பத்த வைக்கலீங்க. அவருகிட்ட பீடியே இல்லீங்க. அவரு தலையில எங்க கிளப்பு நெருப்பு இருந்துச்சுங்க."

திடலில் ஒரு சலசலப்பு. முதலாளி என்னைப் பார்ப்பதை முதுகால் உணர்ந்தேன். சட்டியைச் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன். புல் சரிவில் இறக்கச் சொன்னதையும், வேண்டாமென்று சடையன் தடுத்ததையும், மூடியைத் திறந்து ஊதியது யார் என்பதையும் சொன்னேன்.

"ஊதியதால்தான் தீப்பிடித்தது என்கிறீரா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஊதுனதத்தான் பார்த்தனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு ஒன்று விளங்கவில்லை. நெருப்பை ஏன் ஐயா சுமந்துகொண்டு வந்தீர்கள்? செம்மேட்டில் தீப்பெட்டி விற்பதில்லையா?"

தள்ளி உட்கார்ந்திருந்த மலைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்தவரும் சிரித்தார். திடலே சிரித்தது. எங்கள் கிளப்பின் ராசி, பெருமை, சம்பிரதாயம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கேலிக்கூத்தானது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். சட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "நாங்களும் பாத்தமுங்க" என்றார்கள். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

சடையனை விட்டுவிட்டார்கள். என்னை உள்ளே போடவில்லை. கூலிக்கு வேலை செய்பவன் என்று எச்சரித்து அனுப்பினார்கள். முதலாளிக்கு அபராதம். செம்மேட்டுக் கொட்டகை அன்றே பிரிக்கப்பட்டது. பர்மிட் விஷயத்தில் முதலாளி பயந்தது பொய்யில்லை. காரவள்ளிக் கடைக்கு முதலில் பூட்டு விழுந்தது, பிறகு மற்ற இரண்டுக்கும். தம்மைக் கேட்காமல் செய்த காரியத்தால் தொழில் கெட்டது என்று மைத்துனர் நாமக்கல் கோர்ட்டில் முதலாளி மேல் வழக்குப் போட்டார். கிளப்பின் பெயரைப் பலகையில் எழுத யாருக்கு உரிமை என்று இருவரும் வருடக்கணக்கில் வாதாடினார்கள். அந்தப் பெயரில் கடை ஒன்றும் மிஞ்சாத பிறகும் வாதம் நடந்தது.

நியாயம் ஜெயித்தது என்று இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. சேந்தமங்கலத்துக் கடையில் இலை எடுத்த ஆள் வேலை போன பிறகு என்னை வீதியில் பார்த்துக் காறித் துப்பினார். அவர் மனைவிக்கு அது பேறுகால மாதம். அந்த எச்சில் என் காலருகே விழுந்த இடத்தை இன்றும் காட்ட முடியும். நான் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியானதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எண்ணிக்கொண்டு சொல்லாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிளை திறக்க ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் போகிற இடத்தின் காற்றும் புல்லும் யாருக்குத் தெரியுமோ அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். எங்கள் காரியம் கெட்டது கோர்ட்டிலோ பர்மிட் ஆபீசிலோ அல்ல. "இங்க வேண்டாமுங்க" என்று சடையன் சொன்ன இடத்தில் கெட்டது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

மழை பெய்து மலை பச்சையான பிறகு ஒருநாள் சடையனைப் பார்க்கக் குண்டூர் நாட்டுக்கு ஏறிப் போனேன். அவர் தம் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஏறி வருவதைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். கொங்காயியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆறிப்போச்சுங்க."

"உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன், சடையண்ணா."

"மகராசனா இருங்க. நீங்க வாயத் தொறக்கலீன்னா நான் இன்னும் உள்ளதான் கெடந்திருப்பன். அத மறக்கலீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா இனிமே இங்க வராதீங்க, சாமி."

"ஏனுங்க?"

"நீங்க ஏறி வாரதக் கீழயே பாத்துட்டமுங்க. வெள்ளவேட்டி தெரிஞ்ச ஒடனே இவ கொழந்தைகள இழுத்துட்டு ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. நான் களைக்கொத்தக் கீழ போட்டுட்டுக் கையக் கட்டி நின்னுட்டன். அப்புறம் பாத்தா நீங்க. நீங்கன்னு தெரிஞ்சும் கை எறங்க மாட்டீங்குது."

அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். மண் ஒட்டிய இரண்டு கைகளும் மார்பின் குறுக்கே கட்டியபடியே இருந்தன. நான் நிற்கும்வரை அவை இறங்காது என்று தெரிந்தது. வாரேன் என்று சொல்லாமல் திரும்பி, வேகமாக இறங்கினேன்.